மிஸ்ஸி வீட்டுக் கள்ளி

என் வீட்டு வாசலில் நிற்கும் மரத்தைப் பற்றி நீங்கள் என்ன பேசிக்கொள்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் சுண்டலோடு உட்காரும்போது, நம் கூட்டத்தில் ஒருத்தி இன்னொருத்தியின் காதில் சொன்னது சுற்றிச் சுற்றிக் கடைசியில் என் காதுக்கே வந்துவிட்டது. இந்த வயதில் கிழவிக்கு எதற்கு வாசலில் கள்ளி, யாரை நினைத்து வளர்க்கிறாளோ என்று கேட்டாளாம். போன மாதம் என்னைப் பார்க்க வந்த இன்னொருத்தி, பேரனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மரத்தை விட்டு ஒதுங்கி அரை வட்டம் அடித்து உள்ளே வந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. அதே அரை வட்டத்தை நானும் ஒரு காலத்தில் நடந்திருக்கிறேன். போதாததற்கு, மற்றவர்களையும் நடக்க வைத்திருக்கிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. வெள்ளைக்காரன் காலம், ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருடங்கள் முன்பு. பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸ், பத்து வீடு ஒரே வரிசை. ஏழாவது வீடு எங்களுடையது. அப்பாவுக்கு ரயில் பாதை மாற்றிவிடும் வேலை. காலையில் துவைத்துப் போட்ட வெள்ளைத் துணியில் மத்தியானத்துக்குள் கரித்தூள் படிந்துவிடும். சோற்றிலும் அந்த வாசனை இருந்ததாக எனக்கு இப்போது தோன்றுகிறது, அப்போது தெரியவில்லை.

எனக்குப் பின் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. அம்மா மறுபடி வயிற்றுப் பிள்ளைக்காரியாக இருந்தாள். ஏழாம் மாதம் என்றதும், அப்பாவின் அக்கா, என் அத்தை, கிள்ளானிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கி வீட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டும் என்பதுதான் வீட்டில் ஒரே பேச்சு. அத்தை கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பிள்ளைக்காக அவள் வைத்த விரதங்களை நான் எண்ணியதில்லை, அவ்வளவு வைத்தாள். தம்பி, அதாவது என் அப்பா மேல் அவளுக்கு உயிர். அந்தப் பாசம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

அத்தை வந்த மறுவாரம் பத்தாவது வீட்டுக்கு மிஸ்ஸி குடிவந்தாள். நர்ஸுகளை அந்தக் காலத்தில் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். இவள் பிள்ளைப்பேறு பார்க்கும் மிஸ்ஸி. வடக்கே எங்கிருந்தோ மாற்றலாகி வந்தவள், முப்பத்தைந்து வயது இருக்கும், கழுத்தில் தாலி இல்லை, கூட ஆள் இல்லை. அது ஒன்றே எங்கள் வரிசைக்குப் போதுமானதாக இருந்தது. ஆனால் அவள் அதோடு நிற்கவில்லை. மாட்டு வண்டியில் கட்டிலும் தையல் மெஷினும் வந்தன. அவற்றுக்கு மேல் சாக்கில் சுற்றிக் கயிற்றால் கட்டிய நீளமான ஏதோ ஒன்று கிடந்தது. வண்டிக்காரர் தலைமாட்டிலும் மிஸ்ஸி கால்மாட்டிலுமாகப் பிடித்து, ஒரு நோயாளியை இறக்குவது போல் பதமாக இறக்கினார்கள். பத்து வீட்டு வாசலிலும் ஆள் நின்று பார்த்தது.

சாக்கைப் பிரித்ததும் அது தெரிந்தது. மிஸ்ஸியைவிட ஒரு முழம் உயரம். தொடை பருமனுக்கு அடிமரம், மேலே போய் நான்கு கைகளாகப் பிரிந்து, நான்கும் வானத்தைப் பார்த்து நின்றன. இலை கிடையாது. உடம்பு முழுவதும் மேலிருந்து கீழாக வரப்பு வரப்பாக மேடு, மேட்டின் முதுகில் பொன்னிறத்தில் முள், முள்ளின் அடியில் பஞ்சு போல வெள்ளை மயிர். நிறம்தான் எங்களை மிரட்டியது. வேட்டிக்குப் போடும் நீலத்தைத் தண்ணீரில் கரைத்துப் பூசியது மாதிரி நீலம். மிஸ்ஸி முன்பு வேலை பார்த்த ஊரில் ஒரு துரைசாணிக்குப் பிரசவம் பார்த்தாளாம். அந்தத் துரைசாணி கண்ணாடி வீட்டில் வைத்து வளர்த்த அபூர்வ ஜாதியிலிருந்து ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தாளாம். இது பல வருடம் கழித்து என் காதுக்கு வந்த சேதி. அன்று யாரும் அவளிடம் கேட்கவில்லை. கேட்காமலே எல்லாருக்கும் பதில் தெரிந்திருந்தது.

அத்தை ஒரே பார்வையில் சொல்லிவிட்டாள், இது கள்ளி என்று. கடலுக்கு அந்தப் பக்கம், சொந்த ஊரில் வயல் வரப்பெல்லாம் நிற்குமாம். நிலைப்படியில் தலைகீழாகக் கட்டினால் கண்ணேறு அண்டாதாம். ஆனால் கிள்ளினால் பால் வடியும், ஒரு சொட்டு கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். பச்சைப் பிள்ளை வாயில் இரண்டு சொட்டு விட்டால் என்று ஆரம்பித்தவள், நான் இருப்பதைப் பார்த்து நிறுத்தினாள். வேண்டாத பெண் பிள்ளைகளுக்கு ஊரில் அப்படிச் செய்வார்கள் என்பதை நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். பிள்ளைப்பேறு பார்க்கிறவள் வாசலில் கள்ளி எதற்கு? அத்தை கேட்டது இந்த ஒரு கேள்வியைத்தான். மிச்சத்தை வரிசை பார்த்துக்கொண்டது.

மிஸ்ஸியை வேவு பார்க்கும் வேலை எனக்கு வந்தது. தினமும் சாயங்காலம் சேதி கொண்டுவந்தால் அத்தை ஒரு எள்ளுருண்டை தருவாள். சேதி பெரிதாக இருந்தால் இரண்டு. பத்தாவது வீட்டு வேலித் தகரத்தில் ஒரு ஓட்டை இருந்தது. அதில் கண்ணை வைத்துத்தான் இந்த மரத்தை வளர்க்கக் கற்றுக்கொண்டேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

மிஸ்ஸி செய்த ஒவ்வொன்றும் உலகத்துக்கு நேர்மாறாக இருந்தது. நாங்கள் முருங்கைக் கொம்பை ஒடித்த கையோடு மண்ணில் குத்தித் தண்ணீர் ஊற்றுவோம். அவள் வேரோடு வந்த மரத்தை நடாமல் ஒரு வாரம் நிழலில் சாய்த்துப் போட்டாள். பழைய செங்கல் சூளைப் பக்கமிருந்து உடைந்த கல்லைக் கூடையில் கொண்டுவந்து முழங்கால் உயரத்துக்கு மேடு போட்டாள். எஞ்சின் ஷெட்டில் கொட்டும் கரிக்கட்டியை மண்ணெண்ணெய் டின்னில் அள்ளி வந்தாள், ஆற்று மணலைச் சலித்துக் கலந்தாள். எரு போடவில்லை. நட்ட பிறகு பத்து நாள் ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டவில்லை. நட்டதும் மூங்கில் கம்பு மூன்றை ஊன்றி, பழைய சேலைக் கிழிசலால் மரத்தைக் கட்டினாள். மரத்தின் ஒரு பக்கம் சுண்ணாம்பால் ஒரு வட்டம் வைத்திருந்தாள். அந்த வட்டம் கிழக்கே பார்க்கும்படிதான் நட்டாள்.

இதையெல்லாம் ஒன்று விடாமல் அத்தையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கரிக்கட்டி எங்கள் வீட்டு அடுப்படிக்கு வந்து சேர்வதற்குள் சுடுகாட்டுச் சாம்பல் ஆகிவிட்டது. சுண்ணாம்பு வட்டம் பொட்டு ஆகிவிட்டது. கள்ளிக்குப் பொட்டு வைத்து, சேலை கட்டி, கிழக்கே பார்க்க உட்கார வைத்திருக்கிறாள் என்றதும் எட்டாவது வீட்டுக்காரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மழைக்காலம் நெருங்கியபோது மிஸ்ஸி நாலு கம்பு நட்டு மரத்துக்கு மேல் ஒரு தகரத்தைப் பொருத்தினாள். குடியிருக்கிற வீட்டுக் கூரை ஒழுகுகிறது, கள்ளிக்குக் கூரை போடுகிறாள் என்று அப்பாவே சிரித்தார்.

ஒன்றிலும் மந்திரம் இல்லை என்று இப்போது எனக்குத் தெரியும். அந்த மரத்துக்கு மழைதான் எமன். நம் ஊர் மழையில் வேர் ஊறிக் கிடந்தால் ஒரே வாரத்தில் அடி அழுகி, மரம் நின்றபடியே குழைந்துவிடும். அதற்குத்தான் கல்லும் கரியும் மேடும் தகரமும். வெயில் பட்டுப் பழகிய பக்கத்தை மாற்றி நட்டால், பழகாத பக்கம் வெந்து வடுவாகிவிடும். அதற்குத்தான் சுண்ணாம்பு வட்டம். ஒருவர் போய்க் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பாள். எங்களுக்குக் கேட்பதில் விருப்பம் இல்லை, கண்டுபிடிப்பதில்தான் விருப்பம்.

ஒரு நாள் நான் ஓட்டைக்குப் போனபோது மரத்தின் ஒரு கையைக் காணவில்லை. மிஸ்ஸி அதை வெட்டிக் கையில் வைத்திருந்தாள். வெட்டிய முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, ஒரு சின்னப் புட்டியிலிருந்து வெள்ளையாக எதையோ தொட்டுத் தொட்டு ஒற்றினாள். பிறகு அந்தக் கையைச் சமையல்கட்டு விட்டத்தில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டாள். எனக்கு வாயெல்லாம் எள்ளுருண்டை வாசனை. ஓடினேன்.

வெள்ளையாக ஒன்று, புட்டியில் என்றேன். "பாலா?" என்று கேட்டாள் அத்தை. ஏற்கனவே ஓர் உருண்டை என் கையில் இருந்தது, இன்னொன்று அவள் கையில் இருந்தது. நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், தெரியாது என்றும் எடுத்துக்கொள்ளலாம், அப்படி ஒரு ஆட்டு. அத்தை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். விளக்கு வைப்பதற்குள் மிஸ்ஸி கள்ளிப்பாலைப் புட்டியில் அடைத்து வைத்திருக்கும் கதை பத்து வீட்டுக்கும் போய்விட்டது. பிறந்த பிள்ளையின் தொப்புளில் காயம் காய்வதற்குப் போடும் மருந்துப் பொடி அது. என் முதல் மகளுக்குப் போடும்போது பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அம்மாவுக்கு மட்டும் மிஸ்ஸியைப் பிடித்திருந்தது. வரிசைக்குப் பொதுவான தண்ணீர்க் குழாயில் ஒரு நாள் மிஸ்ஸி அம்மாவின் வீங்கிய காலைப் பார்த்தாள். சேலைக்கு மேலேயே வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளையின் தலை இன்னும் மேலே இருக்கிறது, வலி கண்டதும் ஆள் அனுப்புங்கள், தாமதிக்க வேண்டாம் என்று சொன்னாள். அம்மா வீட்டுக்கு வந்து அத்தையிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அத்தை கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். அவள் தொட்டாளா என்று மட்டும் கேட்டு, அன்றே அம்மாவுக்குத் திருஷ்டி சுற்றினாள். செந்தூலில் ஒரு மருத்துவச்சி இருந்தாள், அத்தைக்குத் தெரிந்தவள். பிள்ளைப்பேறு அவள் கையில்தான் என்று முடிவாயிற்று. செந்தூல் எவ்வளவு தூரம், மிஸ்ஸி வீடு எவ்வளவு தூரம் என்று கணக்குப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. நடுவில் இரண்டே வீடு.

எனக்குள் ஒரு நமைச்சல். இவ்வளவு பேசுகிறோமே, அந்தப் பாலைக் கண்ணால் பார்த்தது யார்? ஒரு மத்தியானம் மிஸ்ஸி கறுப்புப் பையும் குடையுமாக வேலைக்குப் போனதும் வேலியைத் தாண்டினேன். கண்ணில் தெறித்துவிடக் கூடாதே என்று பாவாடையை முகத்துக்குத் தூக்கிக்கொண்டு, அடியில் புதிதாகத் துளிர்த்திருந்த ஒரு சாண் கையைக் கல்லால் தட்டினேன். மளுக்கென்று முறிந்து விழுந்தது.

வெகுநேரம் பாவாடையை இறக்காமல் நின்றேன். பிறகு ஒரு கண்ணைத் திறந்தேன். பால் இல்லை. முறிந்த இடம் வெள்ளரிக்காய் உள்ளே இருப்பது மாதிரி ஈரமாக இருந்தது. தண்ணீர்தான். விரலால் தொட்டால் வழவழப்பு, வாசனைகூடப் பச்சை வாசனைதான். இன்னொரு இடத்தில் நகத்தால் கீறினேன், அங்கேயும் தண்ணீர். அது கள்ளியே இல்லை. எங்கள் ஊர்க்காரர்கள் முள்ளைப் பார்த்தார்கள், வரப்பைப் பார்த்தார்கள், பாலைத் தாங்களே ஊற்றிக்கொண்டார்கள்.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். பயம்தான் வந்தது. சொன்னால் மரத்தை உடைத்தது தெரியும். அதைவிட, தலையை ஆட்டினேனே, அந்த ஆட்டு என்ன ஆவது? முறிந்த துண்டை மேட்டுக் கல் ஒன்றின் அடியில் திணித்துவிட்டு ஓடிவந்தேன். உள்ளங்கையில் ஒரு முள் ஏறியிருந்தது. அத்தைக்குத் தெரியாமல் எடுக்க வழி இல்லாமல், அது சீழ் வைத்து ஒரு வாரம் வலித்தது.

அந்த ஒரு வாரத்துக்குள்தான் அம்மா என்னிடம் கேட்டாள். அத்தை கடைக்குப் போயிருந்தாள். அம்மா சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"நீதானே தினம் போய்ப் பார்க்கிறே. உண்மையைச் சொல்லு கண்ணு. அதுல பால் வருதா?"

வலது உள்ளங்கையை மூடிக்கொண்டேன்.

"தெரியாதும்மா," என்றேன்.

அவ்வளவுதான். அம்மா என் தலையைத் தடவிவிட்டுப் போகச் சொன்னாள். இல்லை என்று சொல்லியிருந்தால் அத்தையை எதிர்த்து நிற்க அவளுக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். அதற்காகத்தான் கேட்டாள். எழுபது வயது தாண்டியும் எனக்கு அந்தக் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறது.

அதற்கு மூன்றாம் நாள் காலையில் அம்மாவுக்கு வலி எடுத்தது. முந்தின நாளிலிருந்தே அடைமழை. அப்பா வேலையில் இருந்தார். எட்டாவது வீட்டுக்காரர் செந்தூலுக்குப் போனார். ஆற்றில் தண்ணீர் ஏறி, பாலத்துக்கு அந்தப் பக்கம் வண்டிகள் நிற்கின்றன என்று சேதி வந்தது. மத்தியானம் ஆயிற்று. அம்மா கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். அந்த முனகல் பத்தாவது வீட்டுக்குக் கேட்டிருக்க வேண்டும். கூப்பிடாமலே மிஸ்ஸி வந்து வாசலில் நின்றாள். கையில் கறுப்புப் பை, சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது.

அத்தை நிலைப்படியின் இரண்டு பக்கமும் கையை ஊன்றி நின்றாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால்.

"அக்கா, பிள்ளை திரும்பலை. கால்தான் முதல்ல வரும். செந்தூல்லேர்ந்து ஆள் வர்ற வரைக்கும் தாங்காது. என்னை உள்ளே விடுங்க," என்றாள் மிஸ்ஸி.

"நீங்க போயிடுங்கம்மா. கள்ளிப்பால் எடுக்கிற கை இந்த வீட்டுப் பிள்ளை மேல படவேணாம்."

மிஸ்ஸி அத்தையோடு வாதாடவில்லை. அத்தையின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் உள்ளங்கையை மூடிக்கொண்டு அத்தையின் முதுகுக்குப் பின்னால் இன்னும் ஒதுங்கினேன். உள்ளேயிருந்து அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் கேட்டுப் பதில் கிடைக்காதவள் என்ன சொல்வாள்? மிஸ்ஸி குடையை மறுபடி விரித்துக்கொண்டு திரும்பிப் போனாள்.

செந்தூல் மருத்துவச்சி வந்தபோது பிள்ளை பாதி வந்து நின்றிருந்தது. தம்பி. தலைமயிர் அடர்த்தியாக இருந்தான். அழவே இல்லை. அம்மா பிழைத்தாள். அப்பா அவனை ஒரு வெள்ளைத் துண்டில் சுற்றி மழையிலேயே எடுத்துக்கொண்டு போனார். பின்னால் போன எட்டாவது வீட்டுக்காரர் குடையை அப்பாவின் தலைக்கு மேல் பிடிக்கவில்லை, அந்தத் துண்டுக்கு மேல் பிடித்தார்.

மிஸ்ஸியை உள்ளே விடாததுதான் தவறு என்று யாரும் சொல்லவில்லை. அவள் வாசல் வரை வந்தாளே, அதுதான் தவறாம். பத்து நாள் கழித்து, அவள் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, வரிசை ஆண்கள் பாராங் கத்தியோடு பத்தாவது வீட்டுக்குப் போனார்கள். பால் தெறிக்கும் என்று எல்லாரும் துண்டால் மூக்கையும் வாயையும் கட்டி, கண்ணைச் சுருக்கிக்கொண்டார்கள். பெண்கள் தள்ளி நின்றோம். அத்தை முந்தானையால் என் கண்ணை மூடினாள். இழை வழியாகப் பார்த்தேன்.

முதல் வெட்டு அப்பாவுடையது. கத்தி பாதி மரத்துக்கு இறங்கியது. எல்லாரும் ஓரடி பின்வாங்கினார்கள். தண்ணீர் வழிந்தது. இரண்டாம் வெட்டிலும் தண்ணீர்தான். மரம் தகரக் கூரையோடு சாய்ந்தது. அப்பா முகத்துத் துண்டை அவிழ்த்தார். வெட்டு வாயில் விரலை வைத்து எடுத்து, மோந்து பார்த்தார். பெருவிரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு கத்தியைக் கீழே போட்டுவிட்டு அந்தக் கல்மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அத்தைதான் கடைசியில் பேசினாள்.

"மழையில பால் வத்திப் போயிருக்கும்," என்றாள்.

எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அப்பா மட்டும் ரொம்ப நேரம் எழுந்து வரவில்லை.

மிஸ்ஸி சண்டைக்கு வரவில்லை. யாரிடமும் புகார் சொன்னதாகவும் தெரியவில்லை. மாற்றல் கேட்டு அந்த மாதக் கடைசியிலேயே கிளம்பினாள். விட்டத்தில் காய்ந்த கையைச் சாக்கில் சுற்றி வண்டியில் ஏற்றியிருந்தாள். நான் குழாயடியில் நின்றுகொண்டிருந்தேன். என்னைப் பார்த்து வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி வந்தாள். பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை என் கையில் வைத்தாள்.

"இது நீ உடைச்சதுதான். வேலி ஓட்டையில தினம் உன் கண்ணைப் பார்த்திருக்கேன். அன்னைக்கே கல்லுக்கு அடியில எடுத்தேன். வெட்டுவாய் நல்லாக் காஞ்சிருச்சு, இனிமே நடலாம்," என்றாள்.

அன்றைக்கே. அப்படியென்றால் மழையில் வாசலில் நின்று என்னைப் பார்த்தபோது அவளுக்குத் தெரியும், பால் இல்லை என்பது எனக்குத் தெரியும் என்று. நான் சொல்வேன் என்றுதான் நின்றிருக்கிறாள். நான் திட்டுக்காகக் காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. வண்டியில் ஏறிக்கொண்டாள், வண்டி போய்விட்டது.

பொட்டலத்தில் அந்த ஒரு சாண் துண்டு. முறிந்த முகம் தோல் கட்டி, மரக்கட்டை மாதிரி இறுகியிருந்தது. ஒரு பழைய பால் டின்னில் ஓட்டை போட்டு, கல்லும் கரியும் மணலும் நிரப்பி, கொல்லையில் விறகுக்குப் பின்னால் வைத்தேன். தண்ணீர் ஊற்றவில்லை. அத்தை கிள்ளானுக்குத் திரும்பிப் போன பிறகு ஒரு காலையில் அம்மா விறகு எடுக்க வந்து அதைப் பார்த்துவிட்டாள். குனிந்து கையில் எடுத்தாள். கட்டைவிரல் நகத்தால் அதன் முதுகில் ஒரு கீறல் போட்டாள். ஈரத்தை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

அடி விழும் என்று நின்றேன். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மழை படாம வை," என்றாள். டின்னை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு விறகோடு உள்ளே போனாள். சாகும்வரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தத் துண்டுதான் என் வாசலில் நிற்கிறது. பிரிக்ஃபீல்ட்ஸ், செந்தூல், இப்போது பெட்டாலிங் ஜெயா என்று மூன்று வீடு மாறி, ஒவ்வொரு முறையும் வெட்டி, காயவைத்து, கிழக்குப் பக்கம் சுண்ணாம்பு வைத்து நட்டேன். யாரை நினைத்து வளர்க்கிறாள் என்று கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும் வழியில் எல்லாரும் வாருங்கள். வாசலில் ஒரு கத்தி வைத்திருப்பேன். எங்கே வேண்டுமானாலும் கீறிப் பாருங்கள். பார்த்துவிட்டு, மண்டபத்தில் உட்கார்ந்து, பார்த்ததை வாயைத் திறந்து சொல்லுங்கள். என்னால் முடியாமல் போனது அது ஒன்றுதான்.